ஏழை சொல்லும் அம்பலம் ஏறும்



"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் வாழ்ந்த காலத்தில் அது முழு உண்மையாக இருந்திருக்கலாம். இன்று அது பாதி உண்மைதான். ஏழையின் சொல் அம்பலம் ஏறுவதற்கு இன்று வழி உண்டு. அந்த வழி எங்கே இருக்கிறது என்பதுதான் நம்மவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு காகிதம் வந்துவிட்டால் என்ன செய்வது, கையில் காசில்லாதவருக்காக வாதாட வழக்கறிஞர் கிடைப்பாரா என்பதைப் பற்றிச் சில செய்திகளை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் சட்டம் படித்தவள் அல்லள். தெலுக் இந்தான் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை. பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் குழந்தை உளவியல் கற்பித்தார்கள்; கரும்பலகையில் எழுதக் கற்பித்தார்கள்; சட்டம் கற்பிக்கவில்லை. ஆனால் தோட்டப்புறத்தில் ஆசிரியர் என்றால் பிள்ளைகளுக்கு மட்டும் ஆசிரியர் அல்லர். கடிதம் வந்தால் படித்துக் காட்ட வேண்டும். பாரம் வந்தால் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அந்த வேலையில் ஒரு முறை நான் தவறிவிட்டேன். அந்தத் தவற்றைச் சொல்லாமல் இந்தப் பேச்சைத் தொடங்குவது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. என் பள்ளியில் படித்த இரண்டு பிள்ளைகளின் தகப்பனார் ஒரு நாள் பள்ளி விடும் நேரத்தில் வந்து நின்றார். பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறி வேலை போனபின் நகருக்கு வெளியே ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"டீச்சர், கோர்ட்டுலேருந்து வந்திருக்குன்னு சொல்றாங்க. என்னா போட்டிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

மலாய்மொழியில் இருந்தது. வாடகை பாக்கி, வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற அளவில் எனக்குப் புரிந்தது. நான் சொன்னேன்: "வீட்டுக்காரர்கிட்ட நேர்ல போய்ப் பேசிப் பாருங்கண்ணே. நல்ல மனுஷர்தானே."

அவரும் போய்ப் பேசினார். "சரி, பார்ப்போம்" என்று வீட்டுக்காரர் சொன்னாராம். விவகாரம் தீர்ந்தது என்று எண்ணிக் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். நானும் மறந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து நீதிமன்ற அதிகாரி ஆணையோடு வந்து நின்றார். பாத்திரம் பண்டங்கள் சாலையோரத்துக்கு வந்தன. பிள்ளைகள் இருவரும் கிள்ளானில் ஓர் உறவினர் வீட்டுக்குப் போனார்கள். மூத்தவள் அப்போது ஆறாம் ஆண்டு. வருகைப் பதிவேட்டில் அந்த இரண்டு பெயர்களுக்கும் நேராகக் கோடு போட்டவள் நான்தான்.

பிறகுதான் முழுக் கதையும் தெரிந்தது. வாடகையை மாதாமாதம் வீட்டுக்காரரின் தம்பி கையில் கொடுத்து வந்திருக்கிறார், ரசீது வாங்கவில்லை. பாக்கி என்று கேட்ட தொகையில் ஒரு பகுதி அவர் ஏற்கெனவே கட்டியது. கூரைத் தகரத்தையும் மின்கம்பியையும் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு தம் சொந்தச் செலவில் மாற்றியிருக்கிறார். இவை எல்லாம் உண்மை. ஆனால் இவற்றில் ஒன்றுகூட நீதிமன்றத்தின் காதுக்கு எட்டவில்லை. நீதிபதி அநியாயம் செய்தார் என்று சொல்ல முடியுமா? ஒரு பக்கம் மட்டும் வந்து பேசியது. அந்தப் பக்கத்தைக் கேட்டு அவர் தீர்ப்பளித்தார்.

நேயர்களே, நம் கைக்கு வரும் காகிதங்கள் ஒரே வகையானவை அல்ல. இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வகை, வீட்டுக்காரரோ அவருடைய வழக்கறிஞரோ அனுப்பும் அறிவிப்புக் கடிதம். இது எச்சரிக்கைதான், நீதிமன்ற ஆணையன்று. இரண்டாவது வகை, நீதிமன்ற முத்திரையும் வழக்கு எண்ணும் உள்ள சம்மன். வழக்குத் தொடுத்தாயிற்று என்பதற்கு இது அடையாளம். ரிட் சம்மன் என்றால், கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாளைக்குள் நாம் வழக்கில் தோன்றுகிறோம் என்று நீதிமன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். வேறு வகைச் சம்மன்களில் விசாரணைக்கே நாள் குறித்திருப்பார்கள். அந்த நாளில் போக வேண்டும். மூன்றாவது வகை, தீர்ப்பு. எதிர்த்தரப்பு வராமலே கொடுக்கப்பட்ட தீர்ப்பாக இருந்தால், அது கையில் கிடைத்த 30 நாளைக்குள் அதை நீக்கக் கோரி மனுச் செய்யலாம். ஆனால் வராததற்குக் காரணமும், நம் பக்கத்தில் நியாயமும் காட்ட வேண்டும்.

நான் படித்துக் காட்டியது இரண்டாவது வகை. அதை முதல் வகை என்று எண்ணி யோசனை சொன்னேன். பதினான்கு நாள் என்ற வரி அந்தக் காகிதத்திலேயே இருந்தது.

இனி, சட்டம் வாடகைக்கு இருப்பவருக்கு என்ன பாதுகாப்புத் தருகிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் இந்தச் சட்டங்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் முக்கியமானது 1950ஆம் ஆண்டின் குறித்த நிவாரணச் சட்டம். அதன் 7ஆம் பிரிவு சொல்வது இதுதான்: வாடகைக் காலம் முடிந்த பின்னும் ஒருவர் வீட்டில் இருந்தால், அவரை நீதிமன்றத்தின் வழியாகத்தான் வெளியேற்றலாம், வேறு வழியில் கூடாது. அப்படியானால், நாம் வேலைக்குப் போன நேரத்தில் பூட்டை மாற்றுவதும், ஆள் வைத்துச் சாமான்களை வெளியே எடுத்துப் போடுவதும் சட்டம் காட்டும் வழியல்ல.

"எழுத்தில் ஒப்பந்தம் இல்லையே, வாய்ப்பேச்சாகத்தானே குடிவந்தோம்" என்று அஞ்சுபவர்கள் உண்டு. தேசிய நிலச் சட்டத்தின்படி மூன்று ஆண்டுக்கு மேற்படாத வாடகையை வாய்மொழியாகவும் கொடுக்கலாம். எழுத்து இல்லாததாலேயே உரிமை இல்லாமல் போய்விடாது.

அதே சமயம், சட்டம் நமக்கு மட்டும் துணை என்று எண்ணிச் சும்மா இருந்துவிடவும் கூடாது. வாடகைக் காலம் முடிந்த பின்னும் வெளியேறாதவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்கலாம் என்று 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம் சொல்கிறது. பாக்கி வாடகைக்காக நீதிமன்ற ஆணை பெற்றுப் பொருள்களைக் கைப்பற்றவும் தனிச் சட்டம் இருக்கிறது. ஆகவே சாமி படத்துக்குப் பின்னால் ஒரு காகிதம் கிடக்கும் ஒவ்வொரு நாளும் நமக்கு நட்டம்தான்.

தோட்டத்து லயங்களில் இருப்பவர்களின் நிலை இதிலிருந்து வேறுபட்டது. லயத்து வீடு வேலைக்காகக் கொடுத்த வீடு. வேலை போனால் வீடும் போகும் என்பதே நெடுங்கால வழக்கம். 1950களில் ஐரோப்பியர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் இப்படித்தான் தெருவுக்கு வந்தார்கள். அந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து எழுதினார். அதைத் தடுக்கத்தான் நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆட்கள் குறைந்தார்கள், வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்தில் பிறந்தவர்கள் நகர ஓரத்தில் வாடகைக்குப் போனார்கள்.

லயத்தைக் காலி செய்யச் சொல்லும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ஆட்குறைப்பு நட்ட ஈடு வேறு, வீடு வேறு. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் வீதம் நட்ட ஈடு உண்டு. வேலை நின்ற ஏழு நாளைக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். "வீட்டுச் சாவியைக் கொடு, கையெழுத்துப் போடு, பணத்தைத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடுமுன் சட்டம் தெரிந்த ஒருவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

வழக்கறிஞர் ஒருவர் இருப்பதால் அப்படி என்ன வேறுபாடு என்று கேட்கலாம். இரண்டு தீர்ப்புகளைச் சொல்கிறேன்.

பேராக் மாநில அரசாங்கத்தின் மீது நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து தொடுத்த ஒரு வழக்கில், 1982இல் கூட்டரசு நீதிமன்றம் கடுமையான தீர்ப்பளித்தது. அத்துமீறிக் குடியேறியவருக்குச் சட்டத்திலும் உரிமையில்லை, நியாய முறையிலும் உரிமையில்லை என்றது. அதைக் கேட்டவர்கள் இனி வழியே இல்லை என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் 1991இல், சிலாங்கூரிலிருந்து வந்த போஹாரி பின் தாயிப் வழக்கில், அப்போதைய உச்ச நீதிமன்றம் ஒரு வேறுபாட்டைக் காட்டியது. அனுமதியோடும் ஊக்குவிப்போடும் நிலத்துக்குள் வந்தவர்கள் வெறும் அத்துமீறியவர்கள் அல்லர். சுருக்கமான நடைமுறையைக் கொண்டு அவர்களை அவசரமாக வெளியேற்றக் கூடாது. முறையான விசாரணை வேண்டும் என்றது.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு குடும்பங்கள் ஒரே மாதிரி பலகை வீட்டில் இருக்கலாம். காகிதத்தில் பார்த்தால் இருவரும் ஒன்றுதான். ஆனால் ஒருவர் கேட்காமல் வந்தவர். மற்றவர் "வந்து இரு" என்று சொல்லப்பட்டு வந்தவர். சட்டம் இருவரையும் வெவ்வேறாகப் பார்க்கும். அந்த வேறுபாட்டை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் இருவரும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே போவார்கள். கூரைத் தகரத்தைத் தம் செலவில் மாற்றிய அந்தத் தகப்பனாருக்கு நடந்ததும் அதுதான்.

அப்படி எடுத்துச் சொல்லும் ஆளுக்குக் கட்டணம் கொடுக்க நம்மால் முடியுமா? முடியாதவர்களுக்காகவே நம் நாட்டில் இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை. ஜபாத்தான் பந்துவான் குவாமான் என்று மலாயில் சொல்வார்கள். 1970இல் பிரிவாகத் தொடங்கி, 1971ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டத்தின் கீழ் இயங்கி, பின்னர் துறையாக உயர்ந்தது. வருமானத்தைப் பார்த்து உதவி வழங்குவார்கள். எந்தெந்த வழக்குகளுக்கு வழக்கறிஞரைத் தரலாம் என்று சட்டத்திலேயே பட்டியல் உண்டு. பட்டியலில் இல்லாத விவகாரமானாலும் சட்ட ஆலோசனை கேட்கலாம். ஆகவே "நம்முடையது அதில் சேராது" என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது.

இரண்டாவது, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம். வசதியற்றவர்களுக்காக வழக்கறிஞர்கள் வாதாட ஏற்பாடு செய்வது மன்றத்தின் நோக்கங்களுள் ஒன்று என்று 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டமே சொல்கிறது. 1980களின் தொடக்கத்திலிருந்து இந்த மையங்கள் நடந்து வருகின்றன. தீபகற்ப மலேசியாவில் தொழில் செய்யும் வழக்கறிஞர்கள் ஆளுக்கு 100 வெள்ளி வீதம் ஆண்டுதோறும் கொடுத்து இதை நடத்தி வந்திருக்கிறார்கள். தொழில் பயிலும் இளம் வழக்கறிஞர்களும் அங்கே வந்து பணியாற்றுகிறார்கள். பேராக் மாநிலத்துக்கான மையம் ஈப்போவில் இருக்கிறது.

ஈப்போ என்றதும் மூத்த நேயர்களுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வரும். வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமாக இருந்த டி. ஆர். சீனிவாசகம். 1969ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் காலமானார். அவரும் அவருடைய சகோதரர் எஸ். பி. சீனிவாசகமும் காசில்லாதவர்களின் வழக்குகளைக் கட்டணம் கேளாமல் எடுத்து வாதாடியதாக ஈப்போ மக்கள் இன்றும் பேசுகிறார்கள். அவர் பெயரில் அங்கே ஒரு பூங்கா இருக்கிறது. ஆனால் நல்ல மனம் கொண்ட ஒருவர் ஊரில் இருப்பதை நம்பியே ஏழைகள் வாழ முடியாது. அவர் காலத்துக்குப் பிறகும் உதவி கிடைக்க வேண்டுமானால் அதற்கு ஓர் அமைப்பு வேண்டும். சட்ட உதவி மையம் அந்த அமைப்புத்தான்.

பிற நாடுகளிலும் இதே கவலை இருந்திருக்கிறது. பம்பாயில் நடைபாதைவாசிகளை வெளியேற்ற முயன்றபோது, ஓல்கா டெல்லிஸ் என்னும் பத்திரிகையாளரும் நடைபாதைவாசிகளும் இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1985இல் தீர்ப்பு வந்தது. பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. வெளியேற்றவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் மழைக்காலம் கழியும் வரை, அக்டோபர் 31 வரை, குடிசைகளை அகற்றக் கூடாது என்று கெடு வைத்தது. மழையில் நனையாமல் குழந்தைகளோடு சில மாதம் இருக்க முடிந்ததே, அதுவும் ஒரு வெற்றிதான்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரம் 2017இல் ஒரு சட்டம் இயற்றியது. வெளியேற்ற வழக்கில் சிக்கிய, வருமானம் குறைந்த வாடகையாளர்களுக்கு நகரத்தின் செலவில் வழக்கறிஞர் கொடுப்பது அதன் நோக்கம். வீட்டுக்காரர் பக்கம் வழக்கறிஞர் நிற்க, வாடகைக்கு இருப்பவர் தனியே நிற்பது சரியான விசாரணையாகாது என்பதை அவர்கள் உணர்ந்தார்கள். வழக்கறிஞர் கிடைத்தவர்களில் பெரும்பாலோர் தம் வீட்டிலேயே தொடர்ந்து இருக்க முடிந்தது என்று அந்நகர அறிக்கைகள் தெரிவித்தன.

"அப்படியானால் வீட்டுக்காரருக்கு நியாயம் வேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரே ஒரு வீட்டைக் கட்டி, அதன் வாடகையில் மருந்து வாங்கும் முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பல மாதம் வாடகை கொடுக்காமல் ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். இலவச வழக்கறிஞர் பொய்யை மெய்யாக்க வருபவர் அல்லர். பாக்கி உண்மையானால் "கட்டிவிடுங்கள், தவணை கேட்டு வாங்குகிறேன்" என்றுதான் நம்மிடம் சொல்வார். இரு பக்கமும் பேசிய பின் வரும் தீர்ப்பு வீட்டுக்காரருக்கும் நல்லதே.

எனக்குத் தெரிந்த இன்னொரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். முதல் சம்பவம் நடந்து இரண்டு ஆண்டு கழித்து, கணவரை இழந்த ஓர் அம்மா இதே போன்ற காகிதத்தோடு பள்ளிக்கு வந்தார். இந்த முறை நான் யோசனை எதுவும் சொல்லவில்லை. தேதியைப் பார்த்தேன். நான்கு நாள் கழிந்திருந்தது. "அக்கா, நாளைக்குக் காலையில ஈப்போவுக்குப் போவோம்" என்றேன். தலைமையாசிரியரிடம் விடுப்புச் சொல்லிவிட்டுப் பேருந்தில் சேர்ந்தே போனோம்.

"நம்மளையெல்லாம் உள்ள விடுவாங்களா டீச்சர்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். உள்ளே விட்டார்கள். ஓர் இளம் பெண் வழக்கறிஞர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். எந்த மாதம் எவ்வளவு கொடுத்தீர்கள், யார் கையில் கொடுத்தீர்கள், முன்பணம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த அம்மா மளிகைக் கடை நோட்டிலேயே வாடகைக் கணக்கையும் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டுத்தான் பெரிய சாட்சியாயிற்று.

வழக்கில் வென்றோம் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர் வீட்டை விற்க வேண்டியிருந்தது. அது அவர் உரிமை. ஆனால் கேட்ட பாக்கியில் பாதி குறைந்தது. முன்பணம் திரும்பி வந்தது. பள்ளி ஆண்டு முடியும் வரை இருக்கலாம் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டு நீதிமன்றத்தில் பதிவாயிற்று. அந்தப் பிள்ளை ஆண்டு இறுதி வரை என் வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தான். வருகைப் பதிவேட்டில் கோடு போட வேண்டிய அவசியம் வரவில்லை.

நேயர்களே, நினைவில் வைக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வாடகை கொடுத்தால் ரசீது கேளுங்கள். கொடுக்காவிட்டால் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். காகிதம் வந்தால் வந்த தேதியை அதன் மேலேயே குறித்துக்கொள்ளுங்கள், உறையையும் எறிந்துவிடாதீர்கள். தகராறு வந்துவிட்டதே என்று வாடகையை நிறுத்திவிடாதீர்கள். புரியாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சட்ட உதவி மையத்துக்குப் போகும்போது அடையாள அட்டை, வந்த காகிதங்கள், ரசீதுகள், மின்சாரக் கட்டண ரசீது, சம்பளச் சீட்டு, வேலை நின்ற கடிதம் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உடனே போங்கள்.

தோட்டப்புறத்தில் பணியாற்றும் என் ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நாம் எல்லாம் தெரிந்தவர்கள் என்று எண்ணித்தான் அவர்கள் நம்மிடம் காகிதத்தைக் கொண்டு வருகிறார்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லிவிட்டால் ஒரு குடும்பமே தெருவுக்கு வந்துவிடும். தெரிந்தவரிடம் கூட்டிக்கொண்டு போனால் போதும். அதற்கு ஒரு நாள் விடுப்பும் பேருந்துச் செலவும்தான் தேவை.

கிள்ளானுக்குப் போன அந்தப் பெண் பிள்ளை இப்போது வளர்ந்திருப்பாள். எங்கே படித்தாள், என்ன ஆனாள் என்பது எனக்குத் தெரியாது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் யார் வீட்டிலாவது மடித்து வைத்த காகிதம் ஒன்று இருந்தால், வானொலியை அணைத்தவுடன் அதை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.